மும்பைக்கு இரண்டு விலை
நகரங்களின் விலை – 9

மும்பையை மூன்று நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ‘எதைத் தொட்டாலும் விலை, அது மனுஷன் இருக்கிற ஊரா’ என்பார்கள் ஒரு சாரார். ‘இருந்தால் அந்த ஊரில் இருக்க வேண்டும், நடுராத்திரியிலும் தெரு விழித்திருக்கிறது’ என்பார்கள் மற்றவர்கள். இரண்டு தீர்ப்புக்கும் சாட்சியம் ஒன்றுதான்: கொலாபாவில் ஓர் ஓட்டல் அறை, கேட்வே ஆஃப் இந்தியா, எலிபண்டா போகும் படகு, மரைன் டிரைவில் ஒரு மாலை. இந்தச் சாட்சியத்தை வைத்துக்கொண்டு மும்பையில் வாழ்வதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் சொல்ல முடியாது என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வருவது. சுற்றுலாப் பயணி அந்த நகரத்துக்குக் கொடுக்கும் விலை பணம். கொடுத்து முடித்ததும் கணக்குத் தீர்ந்துவிடும். குடியிருப்பவர் கொடுக்கும் விலையில் பணம் ஒரு பகுதிதான். மீதியை அவர் நேரமாகவும் சதுர அடியாகவும் கொடுக்கிறார். அந்த மீதி எந்த ரசீதிலும் வருவதில்லை. வேலை கிடைத்துப் புறப்படும் பிள்ளைகளும், அனுப்பி வைக்கும் பெற்றோரும் கணக்குத் தவறுவது அந்த இடத்தில்தான்.

பயணி பார்க்கும் மும்பை எது என்று முதலில் வரைபடத்தில் குறித்துக்கொள்வோம். 1888-இல் கட்டி முடிக்கப்பட்டு, 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையம். 1903-இல் திறந்த தாஜ் ஓட்டல். 1924-இல் முடிந்த கேட்வே. ஓவல் மைதானத்தின் ஒரு பக்கம் விக்டோரியா காலத்துக் கோபுரங்களும் மறு பக்கம் ஆர்ட் டெகோ அடுக்குமாடிகளும் நிற்கும் வரிசை. எல்லாமே தீவின் தென்முனையில், நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. இந்தத் தென்முனையையும் அதற்கு வடக்கே மாஹிம், சயான் வரையுள்ள பகுதிகளையும் சேர்த்ததுதான் மும்பை நகர மாவட்டம். அதன் மக்கள்தொகை 2001-இல் சுமார் 33 லட்சத்து 38 ஆயிரம். 2011-இல் 30 லட்சத்து 85 ஆயிரம். நாடு முழுவதும் நகரங்கள் வீங்கிக்கொண்டிருந்த பத்தாண்டில் இந்த மாவட்டத்திலிருந்து இரண்டரை லட்சம் பேர் குறைந்திருக்கிறார்கள். அதே பத்தாண்டில், அன்று பால்கரையும் உள்ளடக்கியிருந்த பக்கத்துத் தாணே மாவட்டம் 81 லட்சத்திலிருந்து ஒரு கோடியே பத்து லட்சமாகி, இந்தியாவிலேயே அதிக மக்கள் வாழும் மாவட்டமானது. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் நம்மிடம் இருக்கும் முழுமையான எண் 2011-இன் எண்தான். அது சொல்லும் செய்தி தெளிவானது. பயணி எந்த மும்பையை ரசிக்கிறாரோ, அந்த மும்பையிலிருந்துதான் வாழ வந்தவர்கள் வெளியே தள்ளப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வீடு வடக்கே போனது. வேலையில் பெரும்பகுதி தெற்கிலும் நடுவிலும் நின்றுவிட்டது. மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊர் என்பதால் விரிவதற்கு இருந்த திசையும் வடக்கு ஒன்றுதான். 1853-இல் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிய முதல் ரயில் தொடங்கிவைத்தபடி, ரயில் தடங்களை ஒட்டித்தான் இன்றும் அந்த நகரம் நீண்டுகொண்டே போகிறது. வடக்கே விராரிலிருந்து தெற்கே சர்ச்கேட் 60 கிலோமீட்டர். ‘ஃபாஸ்ட்’ வண்டியில் ஏறினாலும் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஆட்டோ, இறங்கியதும் பஸ் அல்லது நடை எனச் சேர்த்தால் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் ஆகிவிடும். நாளைக்கு நான்கு மணி, மாதம் 25 நாள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,200 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 150 நாள். சீசன் பாஸுக்கு மாதம் சில நூறு ரூபாய்தான் ஆகிறது. அந்த மலிவுதான் இந்தப் பெரிய செலவைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது.

அந்த 1,200 மணி நேரம் எப்படிக் கழிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். லோக்கல் ரயிலின் இரண்டாம் வகுப்புப் பெட்டியில் இருக்கை மூன்று பேருக்குச் செய்தது. நான்காவதாக ஒருவர் அதன் விளிம்பில் உட்காருவார். உடம்பில் பாதி இருக்கையிலும் பாதி நடைபாதைப் பக்கமும் இருக்க, ஒரு காலைத் தரையில் ஊன்றித் தாங்கிக்கொண்டு வருவார். அந்த இடத்துக்கு ‘நாலாவது சீட்’ என்று பெயரே உண்டு. அது கிடைப்பதும் அதிர்ஷ்டம்தான். நிற்பவர் உட்கார்ந்திருப்பவரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டு அந்த இடத்தைச் சொல்லிவைப்பார். உட்கார இடம் வேண்டும் என்பதற்காகவே எதிர்த்திசையில் ரயில் புறப்படும் நிலையம் வரை போய், அதே வண்டியில் திரும்பி வருகிறவர்கள் உண்டு. மாலை வண்டியின் பெண்கள் பெட்டியில் பூண்டு உரிப்பார்கள், கீரை ஆய்வார்கள். பயணிகள் எடுக்கும் காணொளிகளில் இந்தக் காட்சி மும்பையின் உற்சாகமாகப் பதிவாகிறது. அந்தப் பெண்ணுக்கு வீட்டில் சமையலறையில் நிற்க வேண்டிய நேரத்தை ரயில் எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த நேரத்தில் ஒரு துண்டையாவது மிச்சம் பிடிக்கத்தான் அவர் மடியில் பூண்டை வைத்துக்கொண்டிருக்கிறார். சிலர் கொடுக்கும் விலை இதைவிடப் பெரிது. தண்டவாளத்தைக் கடக்கும்போதும் வண்டியிலிருந்து விழுந்தும் இந்தப் புறநகர் ரயில் தடங்களில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ராவில், வளைவில் ஒன்றையொன்று கடந்த இரண்டு வண்டிகளின் படிகளில் தொங்கியவர்கள் விழுந்து மாண்டபோது அது நாடு முழுக்கச் செய்தியானது. மற்ற நாள்களின் மரணங்கள் தாணே, கல்யாண் பக்கத்துக்கு வெளியே யாருக்கும் தெரிவதில்லை.

நேரத்தைக் கொடுக்க முடியாதவர்கள் சதுர அடியைக் கொடுக்கிறார்கள். தாராவியை இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் புரியும். மேற்கு ரயில் பாதைக்கும் மத்திய ரயில் பாதைக்கும் நடுவே, மாஹிமும் சயானும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குப் போன தமிழர்கள் நூறாண்டுக்கும் மேலாக அங்கே வாழ்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர் இருப்பதை அறியாமை என்றோ பழக்கம் என்றோ சொல்பவர்கள் கணக்குத் தெரியாமல் பேசுகிறார்கள். விடியற்காலையில் அங்கே வேகும் இட்லி காலை உணவு நேரத்துக்குள் சைக்கிளில் நகரத்துத் தெருக்களுக்குப் போய்ச் சேர வேண்டும். விராரில் இருந்துகொண்டு அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. ஏழை இடத்தைச் சுருக்கித் தூரத்தை மிச்சம் பிடிக்கிறார். நடுத்தர வர்க்கம் தூரத்தை ஏற்றுக்கொண்டு இடத்தை வாங்குகிறது. 2011-இல் பெருநகர மும்பையின் குடும்பங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவை குடிசைப் பகுதிகளில் இருந்தன என்றால், அத்தனை குடும்பங்களும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் அங்கே இருக்கின்றன. இன்றைய தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்கு ஆவணம் காட்டுபவர்களுக்கு அங்கேயே இலவச வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மாடி அறைகளில் இருப்பவர்களுக்கும் வெளியே வேறு ஏற்பாடு என்கிறார்கள். வெளியே கொடுக்கப்படும் வீடு பெரிதாகவே இருக்கலாம். ஆனால் இத்தனை காலம் அவர்கள் சதுர அடியைக் கொடுத்து வாங்கி வைத்திருந்த அண்மை கையை விட்டுப் போய்விடும். வழிகாட்டியோடு இரண்டு மணி நேரம் தாராவியைச் சுற்றிப் பார்ப்பவருக்குச் சந்தின் அகலம் தெரியும். அந்தச் சந்திலிருந்து வேலைக்கு எத்தனை நிமிடம் என்பது தெரியாது.

பணக் கணக்குக்கு வருகிறேன். இதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாடகை அதிகம் என்பது எல்லோரும் அறிந்தது. அறியாதது, அது நிலையில்லாதது என்பதுதான். மும்பையில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ முறையில் 11 மாதத்துக்குப் போடப்படுகிறது. முடிந்ததும் வாடகை கூடும், அல்லது வீடு மாற வேண்டும். மாறினால் மறுபடி டெபாசிட், மறுபடி புரோக்கருக்கு ஒரு தொகை, பிள்ளைக்கு வேறு பள்ளி, வேறு நிலையத்திலிருந்து வேறு வண்டி. ஓட்டல் அறையின் ஒரு நாள் வாடகையை 30-ஆல் பெருக்கி மலைப்பவர்களின் கணக்கில் இவையெல்லாம் வருவதே இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லோரும் விரும்பும் இடத்தில் விலை கூடத்தான் செய்யும், அது சந்தையின் இயல்பு. யாரையும் குறை சொல்ல முடியாது என்பார்கள். பாதி உண்மை. நிலம் குறைவு, ஆசைப்படுபவர் அதிகம் என்பது சரிதான். ஆனால் மும்பையின் விலையைச் சந்தை மட்டும் தீர்மானிக்கவில்லை. 1947-இன் வாடகைச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தில் கட்டிப்போட்டது. இருந்தவர்களைக் காப்பாற்றிய அந்தச் சட்டம், வாடகைக்கு விடுவதற்காகப் புது வீடு கட்டும் ஆசையையே பல பத்தாண்டுகளுக்குக் கொன்றுவிட்டது. ‘பக்டி’ என்ற முறையில், ஒரு தொகைக்குக் குடியிருப்பு உரிமை கைமாறியது. கட்டடங்கள் பழுது பார்ப்பாரின்றி நொறுங்கின. பிறகு 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் வெற்றி பெறாமல் தேய்ந்துபோக, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நகரத்தின் நடுவயிற்றில் அறுநூறு ஏக்கர் அளவுக்கு ஆலை நிலம் இருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, மூன்றில் ஒரு பங்கு பொது வீடுகளுக்கு என்று 1991-இல் விதி வந்தது. 2001-இல் அந்த விதியைத் திருத்தி, கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டும்தான் அந்தப் பங்கு என்று சுருக்கிவிட்டார்கள். 2006-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இன்று பயணிகள் குளிர்சாதனத்தில் உலாவும் லோயர் பரேல் மால், பீனிக்ஸ் மில் நின்ற இடம். தொழிலாளர் வீடுகள் வந்திருக்கக்கூடிய நிலம் அது. இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்: 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை, நாட்டிலேயே அதிகமாக மும்பையில்தான் 4.8 லட்சம் வீடுகள் பூட்டிக் கிடப்பதாகக் குறிப்பிட்டது. வீடில்லாமல் விலை ஏறினால் அதைச் சந்தை எனலாம். லட்சக்கணக்கான வீடுகள் பூட்டிக் கிடக்கும்போதும் விலை ஏறினால், அதில் அரசின் விதிகளுக்கும் முதலீட்டாளர்களின் பேராசைக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது மறுப்பு: இவ்வளவு கஷ்டமென்றால் மக்கள் ஏன் இன்னும் போகிறார்கள்? வேலைக்குப் போகிறார்கள். அந்த வேலையும், பிறந்த ஊரில் சாதி பார்த்துத் தள்ளி நிறுத்தியவர்களுக்கு அந்த நகரம் கொடுத்த மறைவும் மிகப் பெரியவை; அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒன்றை வாங்க வருகிறார் என்பதாலேயே அதற்குக் கேட்கும் விலை நியாயமாகிவிடாது என்பது மட்டும்தான் என் பதில். கடற்கரை எல்லோருக்கும் இலவசம்தானே என்றும் கேட்பார்கள். உண்மை, மரைன் டிரைவின் திண்டில் உட்காரக் காசு இல்லை. ஆனால் விராருக்கு அருகே நாலாசோபாராவில் இருக்கும் குடும்பம் அந்தத் திண்டுக்கு வர ஞாயிற்றுக்கிழமையில் பாதி போகும். வாரத்தில் ஆறு நாள் அதே தடத்தில் போய் வந்தவர் ஏழாவது நாளும் ரயிலேறினால்தான் தன் ஊரின் கடலைப் பார்க்க முடிகிறது. சுற்றுலாவால் வரும் வருமானம் உள்ளூர்க்காரர்களைத்தானே வாழ வைக்கிறது என்பது இன்னொரு வாதம். டாக்சிக்காரர், ஓட்டல் ஊழியர், படகுக்காரர் எல்லோரும் அதில் பிழைக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களும் வேலை முடிந்து கடைசி லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவர்கள்தான்.

இது வெறும் பார்வை வேறுபாடு என்றால் விட்டுவிடலாம். நகரத்தைக் கட்டுகிறவர்களும் பயணியின் கண்ணோடு அதைப் பார்க்கத் தொடங்குவதுதான் என் கவலை. 2024-இல் அடல் சேது என்ற கடல் பாலம் திறந்தது, கடலோரச் சாலையும் பகுதி பகுதியாகத் திறந்தது. இரண்டும் பார்க்க அழகானவை, படம் எடுக்க ஏற்றவை. இரண்டிலும் இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பல்லாயிரம் கோடியில் பாலமும் சுரங்கமும் கார் வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்க, கார் இல்லாத பெரும்பான்மை பழைய தடத்தில் நசுங்கிக்கொண்டு போகிறது. மழையும் இப்படித்தான். அலை சுவரில் மோதிச் சாலையில் தெறிப்பதைப் பார்க்கத் தென்முனையில் கூட்டம் கூடும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தபோது மிட்டி ஆற்றங்கரையில் குர்லாவிலும் கலினாவிலும் வாழ்ந்தவர்கள் கழுத்தளவு நீரில் நின்றார்கள். வெள்ளம் வடிந்ததும் ‘மும்பையின் மன உறுதி’ என்று பாராட்டு எழுதப்படும். மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்பதால் ரயிலேறியவரை இப்படிப் பாராட்டுவது, அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் தப்பிக்க வழிசெய்கிறது.

மும்பைக்குப் பணி ஆணை வந்திருக்கிறது என்றால் போங்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பளத்தில் வாடகையைக் கழித்துப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அலுவலகம் எந்த நிலையத்துக்கு அருகில், வீடு எந்த நிலையத்தில், காலை எட்டரைக்கு இரண்டுக்கும் நடுவே எத்தனை நிமிடம், எங்கே மாறி ஏற வேண்டும் என்று அங்கேயே இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். ஒரு வேலை நாள் காலையில் அந்த வழியில் நீங்களே ஒரு முறை போய் வாருங்கள். டெபாசிட்டை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.