பருத்தி ஓய்ந்தால்தான் புழு ஓயும்

இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாக்கிய பூ விரியாது. இதழ்களைப் புழு நூலால் பிணைத்துவிடுவதால் ரோஜா மொட்டுப் போலக் கூம்பியே நிற்கும். காயில் அந்த அடையாளமும் இல்லை. முட்டையிலிருந்து வெளிவந்த புழு சீக்கிரமே காயைத் துளைத்து உள்ளே போய்விடும். காய் வளர வளர அந்தத் துளையும் தூர்ந்துவிடும். அப்புறம் எந்த மருந்தை அடித்தாலும் உள்ளே இருக்கும் புழுவைத் தொடாது.

2002இல், காய்ப்புழுவைக் கொல்லும் மரபணு புகுத்திய பி.டி. பருத்தி இந்தியாவுக்கு வந்தபோது இந்தக் கவலை தீர்ந்தது என்றே விவசாயிகள் நம்பினார்கள். 2006இல் இரண்டு மரபணு கொண்ட ரகமும் வந்தது. ஆனால் முதல் மரபணுவுக்குப் புழு அசையவில்லை என்பது 2010இல் குஜராத்திலிருந்து வெளியே தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாவதும் தோற்றது. புழு எதிர்ப்புத் திறன் பெறாமல் தடுக்க ஓரத்தில் நடவேண்டிய பி.டி. அல்லாத வரிசைகளைப் பெரும்பாலோர் நடவில்லை. கூடவே, மாதக்கணக்கில் நீளும் கலப்பின ரகங்கள் புழுவுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டன.

இதே புழுவை அமெரிக்கா ஒழித்துவிட்டதாக 2018இல் அறிவித்தது. பி.டி. பருத்தியோடு, மலடாக்கிய அந்துப்பூச்சிகளை 1,100 கோடிக்கும் மேல் விமானத்திலிருந்து தூவினார்கள். எல்லாப் பண்ணைகளும் ஒரே திட்டத்துக்குள் வந்தன. ஆனால் அந்த நாட்டிலேயே டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில், பருத்தியைத் தாக்கும் இன்னொரு பூச்சியான காய்க் கூன்வண்டை இன்னும் முழுதாக ஒழிக்க முடியவில்லை. உறைபனி அரிது என்பதால் வெட்டிய தூரும் துளிர்க்கிறது. எல்லைக்கு அப்பால் மெக்சிகோவிலிருந்தும் வண்டு வருகிறது.

நம் நிலைமை அந்தத் தென்கோடியைப் போன்றதுதான். பெரம்பலூர், அரியலூர் மானாவாரியில் ஆவணி, புரட்டாசியில் விதைக்கிறார்கள். அது ஓயும் நேரத்தில், தை, மாசியில், டெல்டாவின் நெல் தரிசில் அடுத்த பருத்தி முளைக்கிறது. தமிழ்நாட்டில் பருத்தி இல்லாத மாதமே இல்லை. இடையில் உணவு கிடைக்காவிட்டாலும் புழு இரண்டு விதைகளை நூலால் ஒட்டி, உள்ளேயே மாதக்கணக்கில் உறங்கும். அரவை ஆலைக்குப் போகும் மூட்டையோடும், விறகுக்கென்று வீட்டோரம் அடுக்கிய பருத்தி மாரில் ஒட்டிய காய்களோடும் அது ஊர் மாறும்.

மதராஸ் மாகாணம் 1919இலேயே வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் கொண்டுவந்தது. கம்போடியா ரகப் பருத்திச் செடிகளைக் குறித்த தேதிக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று அதன்கீழ் உத்தரவிட்டார்கள். புதிய விதையை எதிர்பார்த்து இன்னும் பத்து ஆண்டு காத்திருப்பதைவிட அந்தப் பழைய வழிக்குத் திரும்புவது மேல் என்பேன். ஒருவர் மட்டும் பிடுங்கினால் பயனில்லை. பக்கத்து வயல் அந்துப்பூச்சி வந்துவிடும். ஊராட்சி தேதி குறிக்கட்டும், வேளாண் துறை மார் அரைக்கும் இயந்திரத்தை வாடகைக்குத் தரட்டும். விவசாயிகளே, கடைசி எடுப்பு முடிந்ததும் ஆட்டை மேயவிடுங்கள், மாரைப் பிடுங்குங்கள், அடுத்த விதைப்பு வரை வயலைச் சும்மா விடுங்கள்.