சித்திரம் பார்த்துப் பிறந்த பாட்டு

சேலத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் இருப்புப்பாதையில் பயணம் செய்வோர், சின்னசேலத்தை நெருங்கும்போது வடபால் கல்வராயன் மலைத்தொடர் நீலம் படர்ந்து நீண்டு கிடப்பதைக் கண்டு, "எழுதிவைத்த சித்திரம் போல அல்லவா இருக்கிறது!" என்று வியப்பது வழக்கம். அதே மனிதர்கள் ஒரு சித்திரசாலைக்குள் நுழைந்து, நல்ல மலைக்காட்சி ஒன்றைத் தீட்டிய படத்தின் முன் நின்றால், "மெய்யான மலையே எழுந்து வந்து நிற்கிறதே!" என்பார்கள். இரண்டும் மனமுவந்து சொல்லும் பாராட்டுத்தான். ஆயினும் மலையில் நாம் கண்டது யாது, படத்தில் கண்டது யாது என்று வினவினால் இரண்டும் விடை கூறாமல் நழுவிவிடும். அந்த விடையைத் தேடி ஒருவன் சித்திரத்தின் முன் பொறுமையோடு நின்று, தான் கண்டதையும் காணும்போது தன்னுள் நிகழ்ந்ததையும் சொற்களில் பிடிக்க முயல்வானானால், அங்கேதான் ஓவியத்திலிருந்து கவிதை பிறக்கும் விந்தை தொடங்குகிறது.

இவ்வகைக் கவிதை மேனாட்டாரிடமிருந்து நாம் அண்மையில் கற்றுக்கொண்ட புதுமை என்று எண்ணுவோர் உண்டு. பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டைப் படித்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். திருப்பரங்குன்றத்து முருகனை வழிபட வந்த மக்கள், அங்கிருந்த சித்திர மண்டபத்தில் புகுந்து சுவரோவியங்களைக் கண்டு களித்த காட்சியை நப்பண்ணனார் அப்பாட்டில் பாடியிருக்கிறார். காமனும் இரதியும் ஓரிடத்தில் இருக்கிறார்கள். பூனை வடிவெடுத்த இந்திரன், அகலிகை, சினங்கொண்ட கௌதமன், கல்லாகிப்போன உருவம் ஆகியவை மற்றோரிடத்தில் இருக்கின்றன. ஆனால் சுவரில் எந்த வர்ணம் பூசப்பட்டிருந்தது, கோடுகள் எவ்வாறு ஓடின என்றெல்லாம் புலவர் விவரித்துக்கொண்டிருக்கவில்லை. இவர் யார், அவர் யார் என்று சிலர் கேட்கிறார்கள். அறிந்தவர்கள் விரலால் சுட்டி விளக்கம் சொல்லுகிறார்கள். அந்த வினாவையும் விடையையுமே புலவர் பாட்டாக்கிவிடுகிறார். அந்தச் சுவரும் அதன்மீதிருந்த வர்ணமும் என்றோ அழிந்துபோயின. ஆயினும் அதன் முன் நின்றவர்களின் ஆவல் இன்றும் நம் காதில் விழுகிறதென்றால், சித்திரத்தைக் காட்டிலும் சித்திரத்தைப் பார்த்த மனிதர்களைப் புலவர் கூர்ந்து நோக்கினார் என்பதே அதற்குக் காரணம்.

இதனினும் நுட்பமான இடம் ஒன்று நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் உண்டு. கூதிர்க்காலத்து நள்ளிரவில் அரசன் பாசறையில் இருக்கிறான். யானைக் கோட்டால் அமைந்த கட்டிலின்மீது அரசி உறக்கமின்றிக் கிடக்கிறாள். கட்டிலுக்கு மேலே கட்டிய, மெழுகு ஊட்டப்பட்ட விதானத் துணியில் மேடம் முதலான இராசிகளும், சூரியனும், சந்திரனைப் பிரியாத உரோகிணியும் எழுதப்பட்டிருக்கின்றன. அவள் அண்ணாந்து அந்த உரோகிணியைப் பார்க்கிறாள், பெருமூச்செறிகிறாள், கண்ணீர் துளிர்க்கிறது. 188 அடிகள் கொண்ட அந்நெடும்பாட்டில் இச்சித்திரத்துக்குக் கிடைத்த இடம் சில அடிகளே. ஆனால் அதுகாறும் வந்த வாடைக்காற்றும், மழையும், அரண்மனையின் ஆடம்பரமும் அந்தச் சில அடிகளில் வந்து ஒடுங்கி அவளுடைய தனிமையாக உருமாறிவிடுகின்றன. அந்தப் படத்தைத் தீட்டிய கைவினைஞன் அரசியின் துயரை அறிந்தவன் அல்லன். அவன் வான மண்டலத்தை அலங்காரமாகத் தீட்டினான், அவ்வளவே. அலங்காரத்தைத் துயரமாக்கியது பார்த்தவளின் நெஞ்சம். அந்த மாற்றத்தைக் கண்டு சொன்னவன் கவிஞன். ஒரே படத்தின் முன் நூறு பேர் நின்றால் நூறு கவிதைகள் பிறக்கக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

வடமொழி நாடகாசிரியர்களும் இந்த ரகசியத்தை நன்கு உணர்ந்திருந்தார்கள். காளிதாசனின் துஷ்யந்தன், தானே தீட்டிய சகுந்தலையின் படத்தில் அவள் முகத்தருகே எழுதப்பட்ட வண்டை மெய்யான வண்டென்று மயங்கி அதட்டுகிறான். பவபூதியின் உத்தரராமசரிதத்தில், தங்கள் வனவாச வாழ்வைச் சித்தரிக்கும் படங்களைச் சீதை இராமனோடு நின்று பார்க்கும்போது, கடந்துபோன துன்பம் அவள் நெஞ்சில் மீண்டும் பிரத்தியட்சமாகிறது. படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அசைவதெல்லாம் பார்ப்பவரின் உள்ளந்தான்.

ஓவியத்துக்கும் கவிதைக்கும் உள்ள எல்லை எது என்னும் வினாவை ஜெர்மானிய அறிஞர் லெஸ்ஸிங் 1766-இல் வெளியிட்ட 'லாவோகூன்' என்னும் நூலில் ஆராய்ந்தார். ஓவியம் இடத்தில் பரந்து கிடப்பது, கவிதை காலத்தில் ஓடுவது என்பது அவருடைய முடிவின் சாரம். இதைப் புரிந்துகொள்ள நாம் ஜெர்மனிவரை செல்லவேண்டியதில்லை. சின்னசேலத்தைப் போலவே கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த திருக்கோவிலூருக்குச் சென்று, தென்பெண்ணையாற்றில் இருக்கும் கபிலர் குன்றின் எதிரே நின்றாலே போதும். கபிலர் தம் இறுதிக்காலத்தை முடித்துக்கொண்ட இடம் என்று மக்கள் போற்றும் குன்று அது. அவர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் பூக்கள் 99 என்று எண்ணிச் சொல்லுவர். ஓவியன் ஒருவன் அத்தனை பூக்களையும் ஒரே பாறையின்மீது ஒரே நொடியில் நம் கண்முன் கொட்டிவிடுவான். கவிஞனோ ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் வரவேண்டும். அவ்வாறு பெயர் சொல்லி வரும்போது, பறித்தவர்களின் கை ஓயாமல் இயங்குவதையும் பொழுது மெல்ல நகர்வதையும் நாம் உணர்ந்துவிடுகிறோம். ஓவியனால் தரமுடியாத காலத்தைக் கவிஞன் தருகிறான்; ஆகவே படத்தைப் பார்த்துப் பாட்டெழுத அமர்கிறவன், படத்தில் முன்பே இருப்பதைத் திரும்பச் சொல்வதைவிட, படத்தில் இருக்க முடியாத அந்தக் காலத்தைச் சேர்ப்பதே முறை.

இனி, இப்படிப்பட்ட கவிதை எவ்வாறு உருவாகிறது என்பதை ஒரு மெய்யான சித்திரத்தைக் கொண்டே ஆராய்வோம். அண்டையிலுள்ள விழுப்புரம் மாவட்டத்துப் பனைமலையில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது; காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டியவனும் அவனே. பனைமலைக் கோயிலின் சிறு சந்நிதி ஒன்றில், குடைநிழலில் மகுடம் தரித்து, ஒரு காலை மடித்து ஒயிலாகச் சாய்ந்து நிற்கும் தேவியின் வண்ண ஓவியம் காலத்தின் கொடுமைக்குத் தப்பி இன்னும் எஞ்சியிருக்கிறது. அவள் பார்த்து நிற்பது சிவபெருமானின் தாண்டவத்தை என்பர் கலை ஆராய்ச்சியாளர். ஆனால் ஆடும் அந்தப் பெருமானின் உருவம் பெரும்பாலும் சிதைந்து மறைந்துவிட்டது.

இந்தச் சித்திரத்தின் முன் நிற்கும் கவிஞன் முதற்கண் செய்யவேண்டியது, "இவள் பார்வதி" என்று பெயரிட்டுவிட்டு நகராமல் இருப்பது. பெயர் தெரிந்த மாத்திரத்தில் கண் தன் வேலையை நிறுத்திவிடுகிறது. புராணம் முழுவதும் நினைவுக்கு வந்து எதிரிலிருக்கும் சுவரை மறைத்துவிடுகிறது. ஆகவே பெயரைச் சற்றே ஒதுக்கிவைத்து, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மடித்த கால் எந்த மனநிலையைக் காட்டுகிறது, வர்ணம் எங்கே உதிர்ந்து காரை தெரிகிறது என்று நிதானமாகப் பார்க்கவேண்டும். அவ்வாறு பார்த்துக்கொண்டிருக்கையில், எங்கெங்கு சுற்றினாலும் கண் மீண்டும் மீண்டும் வந்து தங்கும் இடம் ஒன்று புலப்படும். கவிதையின் வித்து அங்கேதான் இருக்கிறது. ஒருவருக்கு அது அந்த மடித்த காலாக இருக்கலாம். மற்றொருவருக்கு, ஆடுபவன் மறைந்துவிட்ட வெற்றுச் சுவராக இருக்கலாம்.

அடுத்து எழும் கேள்வி, பேசுவது யார் என்பது. தேவி பேசலாம்; தூரிகையோடு சாரத்தின்மீது நின்ற பெயர் அறியாத பல்லவர் காலத்து ஓவியன் பேசலாம்; கோயிலுக்கு வந்த இக்காலத்துப் பெண் ஒருத்தி பேசலாம். குரல் மாறினால் அதே படம் வேறு கவிதையாகிவிடும். தேவி பேசினால், தான் மட்டும் இன்னும் காண்கின்ற ஆட்டத்தை, அதைக் காண இயலாத நமக்குச் சொல்லுகிறவளாக ஆகிவிடுவாள். ஓவியன் பேசினால், தேவியின் கண்ணை முடித்த நாளின் பெருமிதமோ, அடுத்த உருவத்தைத் தொடங்கும் அச்சமோ பொருளாகும். குரலை நிச்சயிக்காமல் எழுதத் தொடங்குவோர் பெரும்பாலும் வழிகாட்டியின் குரலிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். அது வர்ணனையாக நிற்குமேயன்றிக் கவிதையாக எழுவதில்லை.

பின்னர் வருவது கழித்தல். முதல் எழுத்துப்படியில் குடை, மகுடம், ஆபரணம், இடை, வர்ணம் என்று எல்லாமே வரிசையாக வந்து நிற்கும்; அவற்றுள் கவிதையின் வித்தோடு தொடர்பில்லாதவற்றை இரக்கமின்றி நீக்கவேண்டும். மேனாட்டுக் கவிஞர் ஆடன் 1938-இல் எழுதிய கவிதை ஒன்று இதற்கு நல்ல உதாரணம். புரூகலின் பெயரால் அறியப்படும் படமொன்று பிரஸ்ஸல்ஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது: மெழுகுச் சிறகுகள் உருகி இகாரஸ் என்னும் இளைஞன் கடலில் விழுகிறான், படத்தின் மூலையில் அவனுடைய கால்கள் மட்டுமே தெரிகின்றன, உழவன் தன் பாட்டுக்கு உழுதுகொண்டிருக்கிறான், கப்பலும் தன் வழியே போகிறது. அந்தப் பெரிய படத்தில் எத்தனையோ காட்சிகள் இருக்க, ஒருவனுடைய பேரிடர் மற்றவர்களின் அன்றாட அலுவலைத் தடுப்பதில்லை என்னும் ஒரே உண்மையை ஆடன் பற்றிக்கொண்டார்; அதற்கு உதவாதவற்றைத் தொடாமல் விட்டார்.

கடைசியாக யாப்பு. ஒரு சாயலை, ஒரு கணத்துத் திகைப்பை நான்கே அடியில் நிறுத்த வெண்பா ஏற்றது. கண் சுவர் முழுவதும் ஊர்ந்து செல்லும் நீண்ட நோக்குக்கு அகவலின் நடை துணைசெய்யும். உதிர்ந்துபோன சித்திரத்தின் இடைவெளிகளைக் காட்ட இக்காலத்துப் புதுக்கவிதையின் முறிந்த வரிகள் பொருந்தும். எதைத் தேர்ந்தாலும், படத்தின் இயல்பே அதைக் கட்டளையிடுமாறு விடுவது உத்தமம்.

கதை தெரிந்த சித்திரத்துக்கு இம்முறை சரி. கதையே தெரியாத சித்திரத்தை என்ன செய்வது? திருக்கோவிலூருக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட கீழ்வாலையில், செங்காவியால் தீட்டிய மனித உருவங்களும் விலங்கின் உருவங்களும் பாறையின்மீது இன்றும் காணப்படுகின்றன. எழுதியவர் பெயரோ, அவர்கள் வணங்கிய தெய்வமோ நமக்குத் தெரியாது. இங்கே கவிஞன் ஒரு காவியத்தைக் கற்பனை செய்து அவ்வுருவங்களின் தலைமேல் ஏற்றுவது சுலபம். ஆனால் அது அந்தப் பாறைக்குச் செய்யும் அநீதி. அறியாமையையே பொருளாகக் கொண்டு, கேள்வியைக் கேள்வியாகவே வைத்துப் பாடுகிறவனுக்குத்தான் அந்தச் செங்காவி இணங்கிவரும். திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் "இவர் யார்?" என்று கேட்டவர்களுக்கு விடை சொல்ல ஆள் இருந்தது, கீழ்வாலையில் நாமே வினவி, நாமே விடையின்றி நிற்கவேண்டும்.

படத்தைப் பாடாமல் படைத்தவனைப் பாடுவது மற்றொரு கிளை. இராஜா ரவிவர்மா 1906-இல் காலமானபோது பாரதியார் அவரைக் குறித்து ஓர் இரங்கற்பா எழுதினார். அத்தகைய பாட்டில் சித்திரங்களெல்லாம் சேர்ந்து சிருஷ்டிகர்த்தாவின் முகமாக மாறிவிடுகின்றன. நம் தீபாவளி மலர்களிலோ இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்று வளர்ந்தது: வண்ணப்படம் ஒரு பக்கத்தில், அதன் கீழ் அதை விளக்கும் செய்யுள். அவற்றுள் சில நல்ல கவிதைகள் உண்டு. ஆனால் பலவற்றில், கண்ணன் குழலூதுகிறான் என்பது படத்தில் தெளிவாகத் தெரிந்தும், செய்யுளும் கண்ணன் குழலூதுகிறான் என்றே சொல்லி ஓய்ந்துவிடும். வெல்லத்துக்குச் சர்க்கரை தூவுவது போன்ற வேலை அது.

இக்கலையைப் பயில விரும்பும் இளைஞர்களுக்கும், அவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், சின்னசேலத்தைச் சுற்றிலும் பாடப்பொருளுக்குக் குறைவில்லை. பனைமலையும் கீழ்வாலையும் ஒருபுறமிருக்க, 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் செதுக்கப்படும் பட்டறைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. பாதி செதுக்கிய மரத்தில் முகம் மட்டும் வெளிப்பட்டு, உடல் இன்னும் மரமாகவே இருக்கும் நிலையைக் கண்டவனுக்குப் பொருள் தேடி வேறெங்கும் அலையவேண்டியதில்லை. மாணவர்களை அழைத்துச் சென்று அரைமணி நேரம் பேசாமல் பார்க்கச் செய்து, பிறகு எழுதச் சொன்னால், அவர்கள் கவிஞர்களாகாவிட்டாலும் நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்களாகவேனும் திரும்புவார்கள். அதுவும் சிறிய லாபம் அன்று.

எழுதிய பாட்டு தேறியதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. படத்தைப் பாராத ஒருவரிடம் அதை வாசித்துக் காட்டவேண்டும். படத்தைக் கொண்டுவந்து காட்டினாலன்றி விளங்காது என்று அவர் சொன்னால், அது படத்தின் அடிக்குறிப்பு. படம் இல்லாமலே பாட்டு அவர் நெஞ்சில் பதிந்து, அதே வேளையில் அந்தப் படத்தைப் போய்ப் பார்க்கவேண்டும் என்ற ஆவலையும் எழுப்பினால், அது கவிதை. பரங்குன்றத்துச் சுவரையும் நெடுநல்வாடை அரசியின் விதானத்தையும் காணாத நமக்கு, நப்பண்ணனாரும் நக்கீரரும் இந்த இரண்டையும் செய்திருக்கிறார்கள். நம் காலத்துக் கவிஞர்களுக்கும் அளவுகோல் அதுவேயாகும்.