அரைத்து வைத்த மசாலாவும் கணினி நிரலும்



நம் தோட்டத்துப் பிள்ளைகளிலும் கணினி நிரல் எழுதக் கற்க விரும்புவோர் உண்டு. அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் பயன்படும் செய்தி ஒன்றை இன்று பார்ப்போம்.

இணையப் பக்கங்களை நமக்குக் காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர். பிரௌசர் என்றும் சொல்வார்கள். அதற்குள் இயங்கும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். 1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் அமைத்தார். இம்மொழியில் ஒருவர் எழுதிய பயனுள்ள நிரலைப் பிறரும் எடுத்துக் கொள்ளலாம். அவ்வாறு பகிரப்படுவதைத் தொகுப்பு என்கிறோம். அது எந்த வடிவில் நம் கைக்கு வருகிறது என்பதுதான் கேள்வி.

குழம்பு வைப்பதை எண்ணிப் பாருங்கள். மல்லி, மிளகாய், சீரகம் வாங்கி, வறுத்து, நாமே அரைக்கலாம். அரைத்துக் கட்டிய பொட்டலத்தை வாங்கியும் வைக்கலாம். முன்னதற்கு அம்மியும் வேண்டும், நேரமும் வேண்டும்.

2010இல் தோன்றிய என்.பி.எம். என்னும் பொதுக் கிடங்கு, சாமான்களைத் தனித்தனியாகத் தரும் கடை போன்றது. ஒரு தொகுப்பு வேறு சிலவற்றைக் கேட்கும். அவை இன்னும் சிலவற்றைக் கேட்கும். இறக்கி முடிப்பதற்குள் ஆயிரக்கணக்கான கோப்புகள் சேர்ந்துவிடுவதும் உண்டு. வெப்பேக், ரோலப் போன்ற கருவிகளால் அவற்றைச் சேர்த்து அரைத்துத்தான் பெரும்பாலும் உலாவிக்குத் தருகிறார்கள். 2016 மார்ச்சில், 11 வரிகளே கொண்ட லெஃப்ட்-பேட் என்ற தொகுப்பை எழுதியவர் அதனைக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். உடனே பல பெரிய திட்டங்களின் வேலை நின்றது. ஒரு சிட்டிகை சீரகம் இல்லாமல் விருந்தே நின்ற கதைதான்!

தொகுப்பை எழுதியவரே அரைத்து, ஒரே கோப்பாக்கித் தருவதுதான் ஆயத்த வடிவம். 2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி இதற்கு நல்ல சான்று. அதன் 3.7.1 பதிப்பு முழு வடிவில் சுமார் 285 கிலோபைட். குறிப்புகளையும் வெற்றிடங்களையும் நீக்கி, பெயர்களைச் சுருக்கினால் சுமார் 87. பக்கத்தில் ஒரு வரி எழுதினால் அது இயங்கும். வேறு கருவி எதுவும் நிறுவ வேண்டாம். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், இணையம் எட்டாத வீட்டிலும், பழைய கணினியிலும் பிள்ளைகள் பயிலலாம்.

ஆனால் பொட்டலம் யார் கையால் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இத்தகைய கோப்புகளை ஜேஎஸ்டெலிவர் போன்ற பகிர்வு நிலையங்கள் இலவசமாகத் தருகின்றன. பாலிஃபில் என்ற ஒரு நிலையம் 2024இல் கைமாறியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அங்கிருந்து வந்த கோப்பில் தீய நிரல் கலந்திருந்தது வெளிப்பட்டது. அதனை நம்பியிருந்த தளங்கள் ஒரு லட்சத்திற்கும் மேல்.

ஆகவே மூன்று காரியங்களை மறவாதீர்கள். ஒன்று, 'புதியது எதுவோ அது' என்று கேட்காமல் பதிப்பு எண்ணைக் குறித்துக் கேளுங்கள். இரண்டு, கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டுப் பெறும் முத்திரைக் குறியையும் அந்த வரியில் சேர்த்து எழுதுங்கள். வெளியிலிருந்து வரும் கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உலாவி அதனை ஏற்காது. மூன்று, இயன்றால் ஒரு பிரதியை உங்களிடமே வைத்துக் கொள்ளுங்கள்.

2024 டிசம்பரில் வெளிவந்த ரியாக்ட் 19 பதிப்பு இந்தப் பழைய ஒற்றைக் கோப்பு வடிவத்தைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக, மாட்யூல் எனும் புதிய முறையில் பகிர்வு நிலையத்திலிருந்து அழைத்துக் கொள்ளலாம். ஆயினும் சொந்தக் கணினியில் சேமித்த மாட்யூல் கோப்பை, பக்கத்தை நேரே திறந்து இயக்க முயன்றால், குரோம் போன்ற உலாவிகள் தடுத்துவிடும். புதிதாகக் கற்கும் பிள்ளை அந்த இடத்திலேயே திகைத்து நின்றுவிடும்.

நாளை நம் பிள்ளைகளில் ஒருவர் தொகுப்பு எழுதி உலகுக்குத் தரக்கூடும். அப்போது, அம்மி இல்லாத வீட்டையும் நினைத்து ஓர் ஆயத்தக் கோப்பையும் சேர்த்துத் தரட்டும்.