டயர் திடீரென்று வெடிப்பதில்லை

தொடர் விடுமுறை முடிந்த மறுநாள் நாளிதழைப் புரட்டினால் அடிக்கடி கண்ணில் படும் வரி இது: ‘டயர் வெடித்ததில் கட்டுப்பாட்டை இழந்த கார், தடுப்புச் சுவரில் மோதி...’ விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு என்று ஊர்ப் பெயர்தான் மாறும். குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பிய குடும்பம், கல்யாணம் முடிந்து திரும்பியவர்கள் என்று அடுத்த வரி தொடரும்போது மேலே படிக்க மனம் வருவதில்லை. ‘நேரம் சரியில்லை’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அப்படி முடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. உரிய காற்றோடும் உரிய சுமையோடும் ஓடுகிற நல்ல டயர் தானாக வெடிப்பது மிகமிக அரிது. நெடுஞ்சாலையில் ஒரு நொடியில் கேட்கும் அந்தச் சத்தத்துக்கான வேலை, பெரும்பாலும் பல வாரங்களுக்கு முன்பே டயருக்குள் தொடங்கியிருக்கும்.

ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள காரை எடுத்துக்கொள்வோம். ஒரு டயருக்குச் சுமார் 300 கிலோ. 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அந்த டயர் தரையைத் தொடுகிற பரப்பு ஏறக்குறைய 130 சதுர சென்டிமீட்டர். பதினொன்றுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர், அவ்வளவுதான். பல கார்களில் இருக்கும் 185/65 ஆர்15 அளவு டயர் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 510 முறைக்கு மேல் சுற்றுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 14 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கச் சுவரான சைடுவாலின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை அமுங்கி நிமிர்கிறது. கட்டுக்கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் வளைகிற இடம் சுடும், கடைசியில் ஒடிந்துவிடும் இல்லையா? காற்று குறைந்த டயருக்குள் நடப்பதும் அதுதான். காற்று குறையக் குறைய சைடுவால் அதிகம் வளைகிறது, வளைவதால் சூடு, சூட்டினால் ரப்பருக்கும் உள்ளிருக்கும் நூலிழைக்கும் எஃகுக் கம்பிக்கும் இடையிலான பிடிப்பு தளர்கிறது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அடுத்த வாரம் ஐந்து பேரும் சாமான்களும் ஏறி, மதிய வெயிலில் மூன்று மணி நேரம் நிற்காமல் ஓட்டும்போது, தளர்ந்த இடம் பிய்த்துக்கொள்கிறது.

நம் ஊரில் இதற்கு நேர் எதிரான ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. சித்திரை பிறந்தால் போதும், “வெயில் காலம்ண்ணே, ரெண்டு பாயின்ட் கம்மியாவே அடிச்சு விடுறேன்” என்பார் காற்றடிக்கும் தம்பி. அக்கறையோடுதான் சொல்கிறார். சூட்டில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும் என்பது அவருடைய கணக்கு. கணக்கைச் சரியாகப் போட்டுப் பாருங்கள். காலையில் 30 டிகிரி வெப்பத்தில் 32 பிஎஸ்ஐ இருந்த டயர், ஓடி ஓடி 60 டிகிரிக்குச் சூடானால், உள்ளே அழுத்தம் சுமார் 36 அல்லது 37 ஆகும். கார் டயர்களோ 44 அல்லது 51 பிஎஸ்ஐ வரை தாங்கும் என்று சைடுவாலிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. வெயிலால் ஏறும் நான்கைந்து பாயின்ட் டயருக்கு ஒரு பொருட்டே அல்ல. அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் கார் நிறுவனம் அளவு சொல்லியிருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் காற்றைக் குறைப்பது, ஏற்கெனவே சூடாகிற டயரை இன்னும் சூடாக்குவதுதான்.

இதன் மறுபக்கத் தவறு, அந்த 44 என்ற எண்ணைப் பார்த்து அதையே அடிப்பது. அது அந்த டயரின் உச்ச வரம்பு. உங்கள் காருக்கான அளவு அல்ல. காருக்கான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. பல கார்களில் அது இரண்டு வரிசையாக இருக்கும்: ஓரிருவர் மட்டும் போகும்போது ஒன்று, முழுச் சுமையோடு போகும்போது ஒன்று. கிலோபாஸ்கல் கணக்கில் 220 என்று போட்டிருந்தால் 32 பிஎஸ்ஐ, 250 என்றால் 36. சுமை கூடும்போது பின் டயர்களுக்கு அதிகக் காற்று வேண்டும் என்று அந்த இரண்டாவது வரிசை சொல்லும். திருச்செந்தூருக்கோ வேளாங்கண்ணிக்கோ குடும்பத்தோடு கிளம்பும் நாளில் அதைப் படித்துவிட்டுக் கிளம்பினாலே பாதி ஆபத்து விலகிவிடும்.

காற்றைப் பார்க்க வேண்டியது வண்டி ஆறியிருக்கும்போது. இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சூடான டயரில் 36 காட்டுகிறதே என்று நான்கு பாயின்ட் இறக்கிவிட்டால், ராத்திரி ஆறியதும் அது 28 ஆகிவிடும். நைட்ரஜன் அடித்தால் இந்தக் கவலை எல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அடித்தால் கெடுதல் இல்லை. ஆனால் மாதம் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்ப்பதற்கு அது மாற்று அல்ல.

குறைந்த காற்று, வெயில், வேகம், சுமை நான்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் 2000-ஆம் ஆண்டில் பார்த்தது. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் பொருத்தியிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள், நெடுஞ்சாலையில் ஓடும்போதே மேல்பட்டை தனியாகக் கழன்று வந்தன, வண்டிகள் உருண்டன. டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மாநிலங்களில்தான் அதிகம். 270-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக ஃபயர்ஸ்டோன் அறிவித்தது. அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்திருந்த காற்று 26 பிஎஸ்ஐ. 30 இருந்திருக்க வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். தப்பு டயரிலா, வண்டியிலா என்று இரண்டு நிறுவனங்களும் மோதிக்கொண்டதில், ஏறத்தாழ நூறாண்டு வணிக உறவு 2001-ல் முறிந்தது.

அந்த நாள்களில் அமெரிக்கக் குடும்பங்கள் வாசலில் காரை நிறுத்தி, டார்ச் அடித்து டயரைப் படித்தன. டி.ஓ.டி. என்ற எழுத்துகளை அடுத்து ‘வி.டி.’ என்று இருந்தால் அது இல்லினாய் மாநிலத்தின் டெகேட்டர் ஆலையில் செய்தது. பிரச்சினைக்குரிய டயர்களில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தவை. பல வண்டிகளில் அந்த எழுத்துகள் டயரின் உட்புறம் இருந்ததால், அடியில் படுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கார் தானாகவே காற்றுக் குறைவைச் சொல்லும் டிபிஎம்எஸ் கருவி 2007-க்குள் அமெரிக்கப் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயமானது இந்த மரணங்களின் தொடர்ச்சியாகத்தான். நம் புதுக் கார்கள் பலவற்றிலும் இப்போது அந்தக் கருவியின் எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அமெரிக்க விதிப்படி, காற்று கால் பங்கு குறைந்த பிறகு அது எரிந்தால் போதும். 32 இருக்க வேண்டிய இடத்தில் 24. விளக்கு எரியவில்லை என்பதற்காகக் காற்று சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

சைடுவாலை எழுத்துக் கூட்டிப் படிப்போம். 185/65 ஆர்15 88 எச். முதல் எண், டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். 65 என்பது மில்லிமீட்டர் அல்ல, சதவீதம். அகலத்தில் 65 சதவீதம் சைடுவாலின் உயரம், அதாவது 120 மில்லிமீட்டர். ஆர் என்பதை ரேடியஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அது ரேடியல் என்கிற கட்டுமான முறை. 15 என்பது வீலின் விட்டம், அங்குலத்தில். ஷோரூமில் இதுவரை சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் 88-ஐயும் எச்-ஐயும் பற்றி யாரும் பேசுவதில்லை. உயிரைக் காப்பாற்றுவது அந்த இரண்டும்தான்.

88 என்பது சுமைக் குறியீடு. அந்த டயர் உரிய காற்றில் 560 கிலோ தாங்கும். 85 என்றால் 515, 82 என்றால் 475. டயர் மாற்றும்போது அளவு ஒன்றுதானே என்று குறைந்த குறியீடுள்ள மலிவான டயரைப் போட்டால், ஏழு பேரும் மேலே கேரியரில் அரிசி மூட்டையுமாகப் போகும் நாளில் அது தெரியவரும். எச் என்பது வேகக் குறியீடு, மணிக்கு 210 கிலோமீட்டர். டி என்றால் 190, எஸ் என்றால் 180. நம் சாலையில் யார் 210-ல் போகப் போகிறார்கள் என்று கேட்கலாம். அந்த எழுத்து வேகத்துக்குத் தரும் அனுமதி மட்டும் அல்ல, சூட்டைத் தாங்கும் திறனுக்கான சான்று. உங்கள் காரின் கையேடு எச் கேட்டால் டி போடாதீர்கள். சில டயர்களில் ‘டெம்பரேச்சர்’ என்று எழுதி அருகில் ஏ, பி, சி என ஒரு தரம் இருக்கும். அதுவும் சூட்டைப் பற்றியதுதான், ஏ உயர்ந்தது. ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் அருகே ஐஎஸ் 15633 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கார் டயருக்கான இந்தியத் தர எண் அது.

இனி டயரின் வயது. டி.ஓ.டி. வரிசையின் கடைசியில், பெரும்பாலும் நீள்வட்டத்துக்குள், நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. இந்த நான்கு இலக்கத்தை ஒவ்வொரு கார் உரிமையாளரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பேன். ஏனென்றால் ரப்பர் ஓடினால் மட்டும் கெடுவதில்லை. சும்மா நின்றாலும் கெடும். காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைத் தாக்கி நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. அதைத் தடுக்க டயருக்குள் மெழுகு போன்ற பொருள்களைச் சேர்த்திருப்பார்கள். டயர் ஓடி வளையும்போதுதான் அவை மேல்பரப்புக்கு வந்து காக்கும். நின்றுகொண்டே இருக்கிற காருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அப்பா அம்மாவுக்கென்று வாங்கிக் கொடுத்த கார்கள் ஊர்ஊராக ஷெட்டில் நிற்கின்றன. எட்டு வருஷத்தில் இருபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. “டயர் புதுசு மாதிரி இருக்கு, பட்டன் அப்படியே இருக்கு” என்று பெருமையாகச் சொல்வார்கள். மேல்பட்டையிலுள்ள அந்தப் பட்டன் இருக்கும், ரப்பரில் உயிர் இருக்காது. விடுமுறைக்கு வந்த மகன் அந்த வண்டியில் மதுரையிலிருந்து சென்னைக்கு 110-ல் போவார். இதை நினைத்தால் பதறுகிறது. ஐந்து வயதான டயரை ஆண்டுதோறும் கழற்றிச் சோதிக்க வேண்டும், பத்து வயதுக்கு மேல் எந்த நிலையிலும் ஓட்டக் கூடாது என்பது மிஷ்லின் போன்ற நிறுவனங்களின் அறிவுரை. கார் நிறுவனங்கள் சில ஆறு ஆண்டோடு நிறுத்தச் சொல்கின்றன. நம் வெயிலுக்கு ஆறுதான் சரி. ‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ பட நாயகன் பால் வாக்கர் 2013-ல் இறந்த விபத்தில், அதிவேகத்தோடு சேர்த்து, அந்த போர்ஷே காரின் டயர்கள் ஒன்பது ஆண்டுகள் பழையவை என்பதையும் விசாரணை குறிப்பிட்டது. பழைய கார் வாங்கும்போது ஸ்டெப்னியின் வயதையும் பாருங்கள். பெரும்பாலும் வண்டியிலேயே மூத்தது அதுதான்.

பட்டன் தேய்மானத்துக்குச் சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது: கார்களுக்கு 1.6 மில்லிமீட்டர். புது டயரில் சுமார் 8 இருக்கும். சைடுவாலின் மேல் ஓரத்தில் சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ தெரியும் இடத்துக்கு நேரே, பள்ளத்துக்குள் குட்டி மேடு ஒன்று இருக்கும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழையில் அதுவரைகூடக் காத்திருக்க முடியாது. சாலையில் தேங்கிய நீரைப் பள்ளங்கள் வழியே வெளியேற்ற முடியாமல் போனால் டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் அப்போது வெறும் பொருள்கள். ஐப்பசி மழைக்கு முன்பாக அளந்து பார்த்து, 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு சைடுவாலில் எலுமிச்சை அளவு புடைப்பு தெரிந்தால் உள்ளே நூலிழை அறுந்துவிட்டது. அதைச் சரிசெய்ய வழியே இல்லை; ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டவும் கூடாது. சைடுவாலில் பஞ்சர் ஆனாலும் அப்படியே. “ஒட்டித் தர்றேன் சார், ஒண்ணும் ஆகாது” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதையும் மீறி ஓடும் வண்டியில் டயர் வெடித்துவிட்டால், பிரேக்கில் காலை வைக்க வேண்டாம். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை நேராக இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டுங்கள்.

நான்கையும் சேர்த்து மாற்றப் பணம் இல்லாமல் இரண்டு மட்டும் வாங்குகிறவர்களே அதிகம். அந்த ஜோடியை முன்சக்கரத்தில் போடுவதுதான் வழக்கம். இன்ஜின் முன்னால்தானே, ஸ்டீயரிங் முன்னால்தானே என்பார்கள். டயர் நிறுவனங்கள் சொல்வது வேறு: புது ஜோடி பின்னால். ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங் கையில் லேசாகும், ஓட்டுபவருக்குத் தெரியும், காலைத் தளர்த்தினால் பிடிப்பு திரும்பும். பின்சக்கரம் வழுக்கினால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வண்டி திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். கடைக்காரரிடம் இதை வீலைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். புது டயரின் அந்த நான்கு இலக்கத்தையும், ரிம்மில் ஏற்றுவதற்கு முன், கையில் வாங்கிப் படித்துவிடுங்கள்.