ரோமாபுரி ராஜாக்கள் முகத்தில் உளி வெட்டு! ஆலங்குடி பக்கம் கிடைத்த 501 தங்கக் காசு

அரிவாள் வெட்டு கேஸ் எல்லாம் கோர்ட்டுக்குப் போய் என்றைக்காவது முடிந்துவிடும். ஆனால் புதுக்கோட்டைச் சீமையில் வெளிவந்த ஓர் 'உளி வெட்டு' கேஸ் இன்னும் துலங்கவில்லை. வெட்டுப்பட்டவர்கள், ரோமாபுரிச் சக்கரவர்த்திகள்!

ஆலங்குடி பக்கம் கருக்காக்குறிச்சி என்று ஒரு கிராமம். தொண்டைமான் மன்னர் ஆட்சி நடந்த 1898-ம் ஆண்டில் அங்கே ஒரு புதையல் அகப்பட்டது. எண்ணிப் பார்த்தால் 501 காசு. அத்தனையும் ரோம் நாட்டுத் தங்கம்!

அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை பல மன்னர்களின் காசுகள் அதில் இருந்தன. வெஸ்பாசியன் ஆண்டது கி.பி. 69 முதல் 79 வரை. மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துணிக்கும் விலையாகக் கப்பலில் வந்த தங்கம் இது. 'ஆண்டுக்கு 5 கோடி காசு இந்தியாவுக்குப் போகிறதே' என்று அந்தக் காலத்திலேயே ரோமாபுரி அறிஞர் பிளினி புலம்பினார்.

வெட்டியது ஏன்?

பெரும்பாலான காசுகளில் மன்னரின் முகத்தில் குறுக்கே ஆழமான வெட்டு. கை தவறிப் பட்டது அல்ல, வேண்டுமென்றே போட்டது.

காசுகளை ஆராய்ந்து 1898-லேயே எழுதியவர், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஹில். 'இனி இது செல்லாது' என்று காட்டவே வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. உள்ளேயும் தங்கம்தானா, மேல்பூச்சா என்று சோதித்தார்கள் என்பது இன்னொரு கருத்து.

சந்தேகம் வரக் காரணமும் உண்டு. கி.பி. 64-ல் நீரோ மன்னன் தங்கக் காசின் எடையைக் குறைத்தான். முன்பு சுமார் 7.7 கிராம் இருந்த காசு 7.3 கிராம் ஆனது. ராஜா முகத்தை நம்பி ஏமாற நம்மூர் வியாபாரி தயாராக இல்லை. தராசைத்தான் நம்பினான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

வெட்டு விழுந்த காசுகளில் சில இன்று லண்டன் மியூசியத்தில் இருக்கின்றன.

உருக்கினால் போச்சு!

இன்றும் கிணறு வெட்டும்போது, வீட்டுக்கு வானம் தோண்டும்போது காசு அகப்படலாம். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஜெயில் வரை போகும். சொன்னவனுக்கு நஷ்டம் இல்லை. சர்க்கார் எடுத்துக்கொண்டால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரச் சட்டத்தில் வழி இருக்கிறது.

ராவோடு ராவாக உருக்கினால் தங்கம் மிஞ்சும். வெட்டியது யார் என்ற துப்பு மட்டும் மிஞ்சாது!