கேட்பதா, அளப்பதா?

மாணவர்களே, ஆய்வுத் திட்டம் என்றதும் உங்களில் பலர் முதலில் செய்வது வினாப்பட்டியல் தயாரிப்பதுதான். இருபது கேள்விகள், நூறு வீடுகள். விடைகளைக் கூட்டிச் சதவீதம் போட்டால் ஆய்வு முடிந்தது! ஆனால் நீங்கள் கேட்பதற்கு விடை அந்த வீட்டாருக்குத் தெரியுமா?

இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ 1854-ஆம் ஆண்டு இந்தச் சிக்கலைச் சந்தித்தார். அப்போது நகரில் காலரா பரவியிருந்தது. கெட்ட காற்றே காரணம் என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினர். குடிநீர்தான் காரணம் என்பது ஸ்நோவின் கருத்து. தென் இலண்டனில் அதைச் சோதிக்க நல்ல வாய்ப்பு இருந்தது. அங்கே பல தெருக்களில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் சேர்ந்தே ஓடின. சௌத்வார்க்-வாக்ஸால் கம்பெனி, நகரின் சாக்கடை கலக்கும் பாட்டர்ஸி பகுதியில் தேம்ஸ் ஆற்று நீரை எடுத்தது. லாம்பெத் கம்பெனியோ 1852-இல் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள தேம்ஸ் டிட்டனுக்கு மாறிவிட்டது. அடுத்தடுத்த வீடுகள், ஒரே காற்று; தண்ணீர் மட்டும் வேறு!

ஸ்நோவுக்கு மூன்று விவரங்கள் தேவைப்பட்டன. யார் எந்த வீட்டில் இறந்தார்கள் என்பது பதிவாளர் அலுவலகத்தில் கிடைத்தது. ஒவ்வொரு கம்பெனியும் எத்தனை வீடுகளுக்கு நீர் தந்தது என்பது நாடாளுமன்றத்துக்கு அளித்த கணக்கில் இருந்தது. இறந்தவர் வீட்டுக்கு வந்தது எந்தக் கம்பெனியின் தண்ணீர்? இதுதான் எந்த ஏட்டிலும் இல்லை. வீடு வீடாகச் சென்று கேட்டார். வாடகைக்கு இருந்தவர்கள் பலருக்குத் தெரியவில்லை. தண்ணீர்க் கட்டணம் கட்டுபவர் வீட்டுச் சொந்தக்காரர் அல்லவா?

வேறொருவராக இருந்தால் "ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்" என்று வற்புறுத்தியிருப்பார். ஸ்நோ ஒரு சிறு குப்பியில் அந்த வீட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார். பாட்டர்ஸி நீரில் சமையல் உப்பு மற்றதைப்போல் சுமார் 40 மடங்கு இருந்தது. வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டால் அந்த நீர் வெள்ளையாகத் திரண்டுவிடும். பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் செய்யும் குளோரைடு சோதனையேதான்!

நோய் பரவிய முதல் ஏழு வாரக் கணக்கைப் பாருங்கள். சௌத்வார்க்-வாக்ஸால் நீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 பேர் இறந்தனர். லாம்பெத் நீர் பெற்ற 26,107 வீடுகளில் இறந்தவர் 98 பேரே. பத்தாயிரம் வீடுகளுக்கு என்று கணக்கிட்டால் 315-ம் 37-ம் ஆகிறது.

இப்போது உங்கள் தெருவுக்கு வருவோம். ஒரு வீட்டில் நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று ஆராய்கிறீர்கள். "எத்தனை லிட்டர்?" என்று கேட்டால் வாய்க்கு வந்த எண்தான் கிடைக்கும். "நேற்று எத்தனை குடம் பிடித்தீர்கள்?" என்று கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். அந்த வீட்டுக் குடத்தின் கொள்ளளவை லிட்டர் படியால் நீங்களே அளந்துகொள்ளுங்கள், குடத்துக்குக் குடம் வேறுபடும். ஒழுகும் குழாயைப் பற்றி யாரையும் கேட்டுப் பயனில்லை. அளவு சாடியைப் பத்து நிமிடம் அடியில் பிடித்து, வந்ததை 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் வீண் தெரிந்துவிடும். ஆனால் வீட்டில் தண்ணீர் சுமப்பவர் யார், அதற்காக எத்தனை மணிக்கு எழுகிறார் என்பதை எந்தச் சாடியும் சொல்லாது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்; அதுவும் சுமப்பவரிடமே.

தெருக் குழாயடியில் நோட்டுப் புத்தகத்துடன் நின்றால் இன்னொரு தொல்லை உண்டு. உங்களைக் கண்டதும் எல்லோரும் குழாயை ஒழுங்காக மூடுவார்கள்! சற்றுத் தள்ளி நில்லுங்கள். சில நாட்கள் தொடர்ந்து பாருங்கள். முதல் நாள் கணக்கைச் சேர்க்க வேண்டாம்.

நூறு வீடுகளுக்கும் உடனே கிளம்பிவிடாதீர்கள். முதலில் ஐந்து வீடுகள் போதும். ஒரே குழாயை நீங்களும் உங்கள் நண்பரும் தனித்தனியே அளந்து பாருங்கள். இரண்டு எண்களும் வெகுவாக வேறுபட்டால், அளக்கும் முறையைத் திருத்திக்கொண்டு ஆறாவது வீட்டுக்குப் போங்கள்.