ரேம் போட்டதும் கணினி ஏன் படுத்துவிடுகிறது?

பழைய டெஸ்க்டாப் மெதுவாக ஓடுகிறது என்று சர்வீஸ் கடைக்குப் போனால் இரண்டு வைத்தியம் சொல்வார்கள். ஒன்று, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது. மற்றொன்று, ரேமைக் கூட்டுவது. இரண்டுமே பலன் தரும். ஆனால் ரேம் கூட்டிய சில கணினிகளில் மறுநாளே புதுத் தொல்லை தொடங்கிவிடும். பிரவுசரில் நாலைந்து டேப் திறந்ததும் நீலத்திரை வரும். சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆகும். நேற்றுவரை திறந்த எக்செல் ஃபைல் இன்று திறக்க மறுக்கும். ‘வைரஸ்தான்’ என்று ஒருவர் தீர்ப்புச் சொல்வார். விண்டோஸை ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்பார் இன்னொருவர். ஃபார்மேட் செய்த பிறகும் அதே நீலத்திரை எட்டிப் பார்க்கும்.

ஃபார்மேட்தான் இங்கே முதல் தவறு. ரேமில் கோளாறு இருக்கும்போது விண்டோஸைப் புதிதாக ஏற்றினால், ஏற்றப்படும் ஃபைல்களும் அந்தக் கோளாறான ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகின்றன. புது விண்டோஸே பழுதோடு பிறக்கும். ரேம் மாற்றியதிலிருந்துதான் தொல்லை என்றால், விசாரணையை ரேமிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரேமில் ஒவ்வொரு பிட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு கண்டுபிடித்து, 1968-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அந்த மின்தேக்கி ஓட்டைக் குடம் மாதிரி, கசிந்துகொண்டே இருக்கும். அதனால் சுமார் 64 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு பிட்டையும் படித்து மறுபடி நிரப்ப வேண்டியிருக்கிறது. 8 ஜிபி ரேமில் இப்படிப்பட்ட பிட்டுகள் ஏறத்தாழ 6,870 கோடி. அவற்றில் ஒன்று தவறினாலும் போதும், அந்த இடத்தில் விண்டோஸின் முக்கியமான கட்டளை இருந்தால் நீலத்திரை. புகைப்படம் இருந்தால் ஒரு புள்ளியில் நிறம் மாறும், அவ்வளவுதான். ஒரே கோளாறு ஒரு நாள் கணினியைச் சாய்ப்பதும் மறுநாள் சத்தமில்லாமல் போவதும் இதனால்தான்.

ரேம் போட்ட பிறகு கணினி காட்டும் அறிகுறிகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். திரையே வராமல் போவது ஒன்று. திரை வந்தும் போட்ட அளவு முழுதாகத் தெரியாமல் இருப்பது இரண்டு. எல்லாம் தெரிந்தும் நடுவில் படுத்துவிடுவது மூன்று.

திரையே வராவிட்டால் முதல் சந்தேகம் பொருத்தத்தின் மேல். இன்டெல் 2011-ல் வெளியிட்ட எச்61 சிப்செட்டை எடுத்துக்கொள்வோம். விலை குறைவு என்பதால் ஏராளமான அசெம்பிள் கணினிகளில் அது இடம்பிடித்தது. இன்றும் பல வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ரேம் ஸ்லாட் இரண்டே இரண்டு. மொத்தம் 16 ஜிபி வரை தாங்கும். அப்படியானால் எந்த 8 ஜிபி டிடிஆர்3 ரேமும் சரியாக இருக்கும் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். இரண்டாம் தலைமுறை ஐ3, ஐ5 புராசஸர்களுக்கு 4 ஜிகாபிட் சிப்வரைதான் புரியும். 8 ஜிபி ரேமில் இருபுறமும் சேர்த்துப் பதினாறு சிப் இருந்தால் ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட், அது ஓடும். ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப் இருந்தால் ஒவ்வொன்றும் 8 ஜிகாபிட். அது பெரும்பாலும் திரையைக்கூடக் காட்டாது. ரேமைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பார்த்துச் சிப்பை எண்ணினாலே இதைத் தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு கண்ணி, ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு வரும் ‘ஏஎம்டி போர்டுகளுக்கு மட்டும்’ ரேம். அவற்றின் சிப் அமைப்பு வேறு. பழைய ஏஎம்டி போர்டுகளில் ஓடும். இன்டெல் போர்டில் ஓடாது. இந்த வரி விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது அறிகுறி அவ்வளவு ஆபத்தானது இல்லை. 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 8 ஜிபி ரேம் இருந்தாலும் 4 ஜிபிக்கும் குறைவாகத்தான் பயன்படும். விண்டோஸ் 7 ஹோம் பேசிக் என்றால் 64 பிட்டிலும் 8 ஜிபிதான் உச்சவரம்பு. இவற்றில் ரேமின் மேல் குற்றமில்லை.

தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது மூன்றாவது வகைதான். இதற்கு அற்பக் காரணங்களும் உண்டு, ஆழமான காரணங்களும் உண்டு. அற்பக் காரணங்களை முதலில் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடிய விட்டு, கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொட்ட பிறகு உள்ளே கை வைக்க வேண்டும். ரேம் ஸ்லாட்டின் முனையிலுள்ள கிளிப்புகளைக் கவனிக்க வேண்டும். ரேம் முழுதாக இறங்கியிருந்தால் கிளிப் ‘டக்’ என்று நிமிர்ந்து ரேமின் பள்ளத்தைக் கவ்வியிருக்கும். ஒரு முனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருந்தாலும் கணினி ஆன் ஆகலாம். சூடேறி இளகியதும் படுத்துவிடும். பழைய ரேமின் தங்க நிறப் பற்கள் மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுப் போடுவது நம்மூர் மெக்கானிக்குகளின் பழைய கைவேலை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி இன்னும் நல்லது. ஸ்லாட்டுக்குள்ளும் தூசியை ஊதி எடுத்துவிட வேண்டும், வாயால் அல்ல, புளோயரால்.

ரேமை அழுத்தும்போது வேறு ஏதாவது அசைந்ததா என்றும் பார்க்க வேண்டும். இன்டெல் புராசஸரோடு வரும் ஃபேன், நான்கு பிளாஸ்டிக் பின்களில் நிற்கிறது. பக்கத்தில் ரேமை அழுத்தும்போது போர்டு வளைந்தால் அதில் ஒன்று நழுவக்கூடும். புராசஸர் சூடேறிக் கணினி நின்றுவிடும்; பழி ரேமின் மேல் விழும். டிஸ்க்கின் சாட்டா கேபிளும் இதேபோல் லேசாகக் கழன்றிருக்கலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது ரேம்களுக்குள் இருக்கும் ஒத்துப்போகாமை. ஒவ்வொரு ரேமிலும் எஸ்பிடி என்றொரு குட்டிச் சிப் உண்டு. தன் வேகம், மின்னழுத்தம், தாமத அளவு எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். கணினியின் தொடக்க மென்பொருளான பயாஸ் அதைப் படித்து, இரண்டு ரேம்களுக்கும் பொதுவான ஓர் அளவை வைக்கிறது. பழைய பயாஸ் சில சமயம் கணக்கைத் தப்பாகப் போட்டுவிடும். டிடிஆர்3-க்குப் பொதுவான மின்னழுத்தம் 1.5 வோல்ட், டிடிஆர்3எல் வகைக்கு 1.35 வோல்ட், சில கேமிங் ரேம்களுக்கு 1.65 வோல்ட். கடைசி வகையை 1.5 வோல்ட்டில் ஓடவிட்டால் தள்ளாடும்.

இதற்கு வைத்தியம் பயாஸிலேயே இருக்கிறது. முதலில் ‘லோட் டீஃபால்ட்ஸ்’ கொடுக்க வேண்டும். ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி ஆனில் இருந்தால் ஆஃப் செய்ய வேண்டும். அப்படியும் படுத்தால் ரேம் வேகத்தை 1600-லிருந்து 1333-க்கு இறக்கிப் பார்க்கலாம். அன்றாட வேலையில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. போர்டு நிறுவனம் புதிய பயாஸ் வெளியிட்டிருந்தால் அதையும் ஏற்றலாம். யுபிஎஸ் இல்லாமல் மட்டும் அதில் இறங்கக் கூடாது. நடுவில் கரன்ட் போனால் போர்டே போய்விடும்.

அதன் பிறகுதான் பிரித்துப் பார்க்கும் வேலை. பழைய ரேமை மட்டும் போட்டு ஓட்ட வேண்டும். அப்போதும் கணினி படுத்தால் புது ரேம் நிரபராதி. எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), சூடு, போர்டில் உப்பிய கெபாசிட்டர் என்று தேடலைத் திருப்பலாம். பழையது நன்றாக ஓடினால் அதே ஸ்லாட்டில் புதியதை மட்டும். அதுவும் ஓடினால் புதியதை அடுத்த ஸ்லாட்டில். தனித்தனியாக எல்லா ஸ்லாட்டிலும் ஓடி, சேர்ந்தால் மட்டும் படுத்தால் இரண்டும் நல்ல ரேம்தான், ஜோடிதான் சரியில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிவிட்டால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

ஓடுகிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை. அதற்கென்றே மென்பொருள் உண்டு. கிறிஸ் பிரேடி 1994-ல் எழுதிய மெம்டெஸ்ட்86 இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 2013 முதல் அது பாஸ்மார்க் நிறுவனத்தின் கையில். அதிலிருந்து கிளைத்த மெம்டெஸ்ட்86 பிளஸ் இலவசம், திறந்த மூலம். பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியை பூட் செய்தால், விண்டோஸ் இல்லாமலேயே ரேமின் ஒவ்வொரு மூலையிலும் எழுதிப் படித்துச் சரிபார்க்கும். பழைய கணினியில் ஒரு சுற்று முடியவே மணிக்கணக்கில் ஆகலாம். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த அமைப்பு தேறவில்லை. விண்டோஸிலேயே இருக்கும் ‘மெமரி டயக்னாஸ்டிக்’ சோதனையும் உண்டு. அது பிழை காட்டினால் நம்பலாம், பிழை இல்லை என்றால் முழுதாக நம்ப வேண்டாம்.

‘ஒரு தடவைதானே படுத்தது, பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுவதும் சரியில்லை. கூகுள் சர்வர்களை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம்கள் பிழை காட்டியதாகச் சொன்னது. சாதாரணப் பயனர்களின் சுமார் பத்து லட்சம் கணினிகளை வைத்து மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், வன்பொருள் கோளாறால் ஒருமுறை படுத்த கணினி மறுபடி படுக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடுவது தெரியவந்தது. சர்வர்களில் பிழையைத் தானே திருத்தும் ரேம் இருக்கும். வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அது கிடையாது.

பழைய கணினிக்கு ரேம் வாங்கப் போகிறவர்கள், அது சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் உள்ளூர்க் கடையாக இருந்தாலும், போர்டின் மாடல் எண்ணையும் புராசஸரின் பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இரண்டையும், இப்போதுள்ள ரேமின் விவரத்தையும் காட்டிவிடும். முடிந்தால் பழைய ரேமையே கழற்றிக்கொண்டு போய் அதே மாதிரி கேளுங்கள். செகண்ட்ஹேண்ட் என்றால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாக பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு, முதல் இரவே மெம்டெஸ்ட்டை ஓடவிடுங்கள். பிழை வந்தால் திரையை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு மறுநாளே கடைக்குப் போய்விடுங்கள்.